இரண்டு சீட்டும் பாஞ்சாலியின் சீக்கும்

தங்கமாரி யாரையும் நம்பமாட்டாள். பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவாள். ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலையே அதுதான். வெள்ளை விளக்கடியில் உட்கார்ந்து, வருகிற கண்ணாடியை எல்லாம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வருடக்கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டிய கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? புருஷன் பெருமாள்சாமி புதுச் சட்டை போட்டால் மனசுக்குள் ஒரு ஸ்டிக்கர். மகள் வேல்விழி போனைக் கவிழ்த்து வைத்தால் இன்னொரு ஸ்டிக்கர்.

இப்படிப்பட்டவள் வீட்டில் ஒன்றுக்கு இரண்டாக டாக்டர் படிப்புச் சீட்டு வந்து விழுந்தால் என்ன ஆகும்? சோறு இறங்கவில்லை.

வேல்விழி அரசுப் பள்ளியில் படித்த பெண். அந்த ஒதுக்கீட்டில் முதல் சுற்றிலேயே பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரி கிடைத்துவிட்டது. பீஸ் முழுக்க அரசாங்கத்தின் பாடு. வாசலில் ஷேர் ஆட்டோ ஏறினால் கல்லூரி வாசலில் இறங்கலாம். தெருவுக்கே சாக்லேட் கொடுத்து முடிப்பதற்குள், இரண்டாவது சுற்றில் தெற்கே, பெருமாள்சாமியின் சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் இது கைவிட்டுப் போகும். போகாவிட்டால் அது போகும். அப்புறம் யார் காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது.

வேல்விழிக்குத் தெற்கேதான் ஆசை.

"அங்க பேஷன்ட் ஜாஸ்திம்மா. பாத்துப் பாத்துதான் இந்தப் படிப்பு வரும். புக்க வச்சிக்கினு இன்னா பண்றது?"

பிறந்தது தெற்கே என்றாலும் வளர்ந்தது இங்கே. பேச்சு முக்கால்வாசி இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அதற்கும் தங்கமாரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள்.

"ஏட்டி, பேஷன்ட்ட பாக்கணும்னு ஒரு பொட்டப்புள்ள இவ்வளவு தூரம் போவணும்னு நிக்குமா? உண்மையச் சொல்லு. அங்க யாரு இருக்கா?"

யார் இருக்கிறார் என்பது தங்கமாரிக்கே தெரியும். பெருமாள்சாமியின் அக்கா இசக்கிசெல்வி இருக்கிறாள். அவளுக்குக் கோமதிநாயகம் என்று கல்யாணமாகாத மகன் ஒருவன் இருக்கிறான். அவன் மருந்துக்கடை வைத்திருப்பது வேறெங்குமில்லை, அந்த அரசு ஆஸ்பத்திரியின் வாசலுக்கு நேர் எதிரே. கம்பெனி பஸ் ஓட்டுகிற பெருமாள்சாமி, சீட்டு வந்த அன்றே விசில் அடித்துக்கொண்டு பஸ்ஸைக் கழுவினான். டாக்டர் மருமகளும் மருந்துக்கடை மகனுமாக அக்காளும் தம்பியும் சேர்ந்து போட்ட திட்டம் இது என்று தங்கமாரி முடிவே கட்டிவிட்டாள். கவுன்சிலிங் கம்ப்யூட்டரை இசக்கிசெல்வி எப்படி மடக்கினாள் என்பது மட்டும்தான் அவளுக்குப் பிடிபடவில்லை.

நூல் விட்டுப் பார்ப்பதற்காக இசக்கிசெல்விக்குப் போன் போட்டாள்.

"மயினி, அந்த ஆஸ்பத்திரி எப்படி இருக்கு?"

"அத ஏன் கேக்க! கட்டில் பத்தாம வராண்டாவுல பாய விரிச்சுப் படுத்துக் கெடக்காவ. ஒரே சத்தம். டாக்டர் புள்ளைய எல்லாம் சாப்பிடக்கூட நேரமில்லாம ஓடுதுவ."

தங்கமாரிக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. "கேட்டியாட்டி? தரையில படுத்துக் கெடக்காவளாம். அது ஒரு ஆஸ்பத்திரியா?" என்று மகளைப் பார்த்துச் சொன்னாள்.

சரி, அப்படியானால் பக்கத்துக் கல்லூரிதான் என்று முடித்துவிட வேண்டியதுதானே? அங்கேயும் ஒரு கீறல் தெரிந்தது. அந்தக் கீறலின் பெயர் பாஞ்சாலி.

பாஞ்சாலி வீட்டுக்காரம்மா. ஒரே வரிசையில் ஆறு வீடு கட்டி, தெற்கத்திக் குடும்பங்களுக்கும் கம்பெனிப் பிள்ளைகளுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறாள். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் சண்டை, யார் நைட் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு எங்கே போகிறார்கள், எல்லாம் அவள் விரல் நுனியில். சீட்டு விஷயம் தெரிந்ததிலிருந்து காலையும் மாலையும் தங்கமாரி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி தங்கமாரி, கண்ணெதுர்ல காலேஜு கீது. காலைல நாலு இட்லி துன்னுட்டுப் போனா சாய்ந்தரம் வூட்டுக்கு வந்துரும் பொண்ணு. அத்த வுட்டுட்டு எங்கியோ கண்காணாத எடத்துல தள்றேன்ற. இந்தக் காலேஜு இன்னா சூப்பரா கீது தெரியுமா? தரை அப்டியே வழுவழுன்னு. ஏசி. சாப்பாடு கூட பிரமாதம்."

"சாப்பாடு நல்லாருக்கும்னு உங்களுக்கு எப்படியக்கா தெரியும்?"

"சொல்றாங்கோ."

"யாரு சொல்லுதாவ?"

"ஊரே சொல்து! நீ இன்னா, போலீஸ் மாரி கேக்குற?"

பாஞ்சாலியிடம் இன்னொரு விஷயமும் இடித்தது. மாதத்தில் சில நாள், வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, காலையிலேயே வேன் ஏறுவாள். அவள் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் கூடவே. கிருத்திகையா, சஷ்டியா, ஒன்றும் கிடையாது. முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் துளி விபூதி இல்லாமல் திரும்புகிறவளை எங்கேயாவது பார்த்ததுண்டா? பிரசாதத்துக்குப் பதில் கையில் பிரெட் பாக்கெட். போனதடவை புறங்கையில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. கேட்டதற்குப் பூனை பிராண்டியது என்றாள். அந்த வரிசையில் பூனையே இல்லை.

காலேஜ்காரர்களிடம் ஆள் பிடித்துக் கொடுக்கிறாள் என்று தங்கமாரி தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டாள். பாஞ்சாலியின் வேன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, வேல்விழியை இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். "சொல்லாம போயிப் பாத்தாத்தான் சரக்கு தெரியும்" என்றாள்.

கல்லூரி வாசலில் இறங்கியதுமே அவளுக்கு மூக்கில் என்னவோ ஏறியது. புதுப் பெயின்ட். வழி நெடுக பூந்தொட்டி. தொட்டியில் இருந்த மண் இன்னும் ஈரம் காயவில்லை. தரையில் மஞ்சள் டேப்பில் அம்புக்குறி. செக்யூரிட்டியின் சட்டையில் அட்டை மடிப்பு அப்படியே இருந்தது.

அவன் இவர்களைப் பார்த்ததும் கடுகடுத்தான். "எந்த வேன்ல வந்தீங்கோ? இவ்ளோ லேட்டா வந்தா எப்டி? பொம்பளைங்க ரெண்டாவது மாடி. ஓடு ஓடு. இந்தப் பொண்ணு எந்த வார்டு?"

வேல்விழி வாயைத் திறப்பதற்குள் தங்கமாரி அவள் கையைக் கிள்ளினாள். "அதே வார்டுதான்யா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

இரண்டாவது மாடியில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. வேல்விழியின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அம்மா, இங்கயும் நெறைய பேஷன்ட் கீறாங்க" என்று காதோரம் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு, கொஞ்சம் விட்டிருந்தால் தங்கமாரியும் சரி என்று சொல்லியிருப்பாள்.

ஆனால் அவள் நின்றுவிட்டாள். இத்தனை நோயாளிகள், ஒரு இருமல் சத்தம் இல்லை. கூடப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை. ஒரு பிளாஸ்க் இல்லை, ஒரு பழத்தோல் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வை. அதில் துவைக்காத புதுத்துணி வாசம்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே?

எங்கேயோ என்ன, அவள் கம்பெனியில்தான். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வருகிற அன்று இப்படித்தான் டேப் ஒட்டுவார்கள், தொட்டி வைப்பார்கள், கேன்டீன் ஆட்களுக்கெல்லாம் புதுக் கையுறை மாட்டி லைனில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் பக்கத்தில் தங்கமாரியும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டியவள்தான்.

கட்டில்களுக்குக் கீழே வரிசையாகச் செருப்புகள். மூன்றாவது கட்டிலுக்குக் கீழே கிடந்த செருப்பில் அவள் கண் குத்தி நின்றது. இடது வார் அறுந்து, பச்சை நூலில் தைத்த செருப்பு. தினமும் காலையும் மாலையும் அவள் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பு.

மேலே பார்த்தாள். இந்தப் போர்வை மட்டும் தலைவரை மூடியிருந்தது. லேசாக நடுங்கிற்று.

"யக்கா, மூச்சு முட்டாதா?"

போர்வை அசையவில்லை.

"வல்லக்கோட்டையில கூட்டம் அதிகமோ?"

போர்வை இறங்கியது. எண்ணெய் வழியும் முகத்தோடு பாஞ்சாலி. புறங்கையில் பிளாஸ்திரி போட்டு ஒரு குழாய். அது எந்த பாட்டிலோடும் சேரவில்லை.

"சத்தம் போடாதடி பாவி! பேஷன்ட் கணக்கு பாக்க இன்ஸ்பெக்சனுக்கு வராங்கோ. சும்மா படுத்தா துட்டும் பிரெட்டும் தராங்கோ. நீ இன்னாத்துக்கு இங்க வந்த? உன்ன எந்த வேன்காரன் இட்டாந்தான்?"

"அது கெடக்கட்டும். உங்களுக்கு என்ன சீக்கு?"

பாஞ்சாலி தலைமாட்டை எட்டிப் பார்த்தாள். "தெர்லயே. அட்டைல இன்னா எழுதிக்கிறாங்கோ? வேலு, நீ தான் படிச்ச பொண்ணாச்சே, பாரு."

வேல்விழி கட்டிலில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். "குடல்வால் ஆபரேஷன் முடிஞ்சி மூணாவது நாள்."

"அடப்பாவிங்களா! போன தபா சுகர்னாங்கோ."

அடுத்த கட்டிலில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. வேல்விழி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த வார்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். கொஞ்சம் முன்பு மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போயிருந்தது.

"அத்த, ஒண்ணு கேக்கறேன். நெசமாவே உங்களுக்கு வயித்துவலி வந்தா இங்க வருவீங்களா?"

"இங்கயா?" பாஞ்சாலி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "நான் இன்னாத்துக்கு இங்க வரேன்? மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போவேன். கீழ படுக்கப் போட்டாலும் அங்க நல்லா பாப்பாங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. தங்கமாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் எம்புள்ளைய மட்டும் ஏன் இங்க சேரச் சொன்னிய?"

பாஞ்சாலி போர்வை நுனியை முறுக்கினாள். "பொண்ணு போனா பின்னாலயே நீயும் வூட்ட காலி பண்ணிக்கினு போயிடுவ. அப்பால நான் யார் வூட்டு வாசல்ல போய் குந்துறது?"

நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து கையைத் தட்டினாள். "வராங்க, வராங்க. எல்லாரும் படுங்க!" பாஞ்சாலி சரிந்து படுத்து, கண்ணை மூடி, "ஐயோ அம்மா" என்று முனக ஆரம்பித்தாள். பழகிய முனகல். குடல்வாலுக்கு ரொம்பப் பொருத்தமாகவே இருந்தது.

தங்கமாரி மகளை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். வாசலுக்கு வந்ததும் கேட்டாள். "ஏட்டி, வராண்டாவுல பாய விரிச்சுப் படுத்துக் கெடக்கான்னா, அவன யாரும் வேன்ல கொண்டாந்து போடலன்னுதானே அர்த்தம்?"

"ஆமாம்மா."

"அப்ப நட. துணிய எடுத்து வைக்கணும்."

பகல் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது பாஞ்சாலி வந்தாள். வாசலில் உட்காரவில்லை. நின்றபடியே பிரெட் பாக்கெட்டை நீட்டினாள். "போற வயில துன்றதுக்கு. புள்ள பசி தாங்காது."

தங்கமாரி அதை வாங்கி, பிரித்து, முகர்ந்து பார்த்தாள். பிறகு பையில் வைத்தாள். "நான் காலி பண்ணலக்கா. புள்ளய விட்டுட்டு ஞாயித்துக்கெழம வந்துருவேன்."

"மெய்யாலுமா?"

"நான் வாறதுக்குள்ள அந்தச் செருப்ப மாத்துங்க. நூறு பேர் மத்தியில காட்டிக் குடுக்கு."

வேல்விழி பையைத் தூக்கினாள். தங்கமாரி தெருமுனைவரை நடந்து, அங்கே நின்று போனை எடுத்தாள்.

"மயினி, நாங்க கெளம்பியாச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு யாரு வாறா?"

"வேற யாரு? நம்ம கோமதிநாயகம்தான். கடைய அடைச்சுட்டு வாறேன்னு துடிக்கான்."

"அவன் கடையப் பாக்கட்டும் மயினி. நீங்க வாங்க."