இரண்டாம் பான்ஜோவுக்கு நான்கு கட்டம் மௌனம்

எங்கள் வீட்டுக்கும் கிளிஃபர்ட் ஹெய்க் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் ஒரு வருடமாக என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நான் சுவரில் காதை வைத்துக் கேட்டதாக யாராவது சொன்னால் அது பாதிதான் உண்மை.

கஞ்சிராவுக்குக் கழுத்தும் கம்பியும் முளைத்தாற்போல இருக்குமே, அந்தப் பான்ஜோவுக்கு விக்டோரியா ராணி காலத்தில் எழுதிய இசைத்தாள்கள் ஒரு கட்டு அவருக்கு ஏலத்தில் கிடைத்தன. எல்லாம் இருவர் சேர்ந்து வாசிப்பவை. இன்றைய கைகளுக்கு ஏற்றபடி அந்தத் தாள்களின் மேலேயே திருத்தி எழுதுகிறார். முதல் பான்ஜோ அவர். இரண்டாவது, மூலையில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் கிளெனிஸ் சட்கிளிஃப். மெட்டெல்லாம் அவருக்கு; அவளுக்கு டும் சக், டும் சக் மட்டும்.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய ஒவ்வொரு தாளிலும் எங்காவது ஓரிடத்தில் நான்கு தாளக்கட்டம் காலியாகவே இருக்கும். சும்மா உட்கார வேண்டும்.

"செத்து நூறு வருஷம் ஆனவன் என்னைக் கையக் கட்டிட்டு உக்காருங்கிறான், நீங்களும் தலையாட்டுறீங்க. எனக்கும் கொஞ்சம் மெட்டு வேணும். இல்லன்னா வேற ஆளப் பாருங்க," என்றாள். கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் அங்கேதான் நின்றேன்.

தேவாலயக் கூடத்தில் கச்சேரிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஊரில் மூன்றாவது பான்ஜோ கிடையாது. அவள் போனால் ஒரு வருட உழைப்பும் பெட்டிக்குள்தான்.

அந்தக் காலி எதற்கு? அச்சுப்பிழை என்றார் அவர். ஆறு தாளில் ஆறு வெவ்வேறு இடத்திலா? மூச்சு வாங்கத்தான் என்றேன் நான். இதென்ன புல்லாங்குழலா என்று கிளெனிஸ் என்னை முறைத்தாள். கடைசியில் அந்தக் கட்டங்களில் அவளுக்கென்று துள்ளலாக ஒரு மெட்டை எழுதிக் கொடுத்தார். தங்கிவிட்டாள். அவருடைய சாப்பாட்டு மேசையில் தாள்களை வரிசையாகப் பரப்பி ஒத்திகை பார்த்தார்கள். குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை.

சனிக்கிழமை மதியம், கூடத்தில் மேசை இல்லை. தாள் வைக்க ஆளுக்கொரு ஒல்லியான தாங்கி; ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். முதல் பக்கத்தின் அடிக்கு வந்ததும் கிளிஃபர்ட் விழித்தார். இரண்டு கையும் கம்பியில். பக்கத்தைத் திருப்புவது யார்? அருகில் இருந்தவளுக்கோ சரியாக அந்த இடத்தில்தான் துள்ளல் மெட்டு. முன்வரிசையில் இருந்த எனக்கே விளங்கிவிட்டது. மனிதர் வேறு வழியில்லாமல் டும் சக்கில் இறங்கினார். கிளெனிஸ் தன் மெட்டை முடித்து, அவருடைய மெட்டையும் தாளைப் பாராமலே எடுத்துக் கடைசிவரை வாசித்தாள்.

தேநீர் வரிசையில் நாலு பேரை இடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அந்தக் காலி, நீங்க என் பக்கத்தத் திருப்புறதுக்கு," என்றார்.

"தாங்கியப் பாத்ததுமே தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் மெட்டப் பிடுங்கியிருப்பீங்க."

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வருவாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை; நான் கேட்டேன்.

"வருவேன். முதல் பான்ஜோ தாள் என்கிட்ட இருக்கணும்."

கிளிஃபர்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தாள்களை அங்கேயே எடுத்து நீட்டினார். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். கொடுத்த பிறகும் ஓரத்தை விட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.