விடுப்புக்குக் காரணம்

அப்பாவின் சட்டைக்கு அவள் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் தோளுக்கடியில் கை கொடுத்து உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தான். மூன்றாவது பொத்தானில் அவள் விரல் இருந்தபோது வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. அவளுடைய ஆபீஸிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். முதல் ஆளாக சூப்பர்வைசர், கையில் மாலையோடு.

அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. நல்ல மனிதர்தான். அதுதான் பயமே. ஆறுதல் சொல்லப்போகிறேன் என்று நாலு வார்த்தை பேசினாரானால் குட்டு உடைந்துவிடும்.

துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக வருந்திக்கொண்டிருந்தாள். மெஷின் தானாகக் கெட்டதா, இவர்களே கெடுத்துவிட்டுப் புளுகுகிறார்களா என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடுவாள். புதிதாகச் சேருகிறவர்களை அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். அந்தப் பெருமையைத் தவிர அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் வேலையை விடப்போவதாக வீட்டில் அறிவிப்பாள். இன்னொன்று கிடைத்த பிறகு விடு என்பான் கணவன். அப்பாவோ, "நான்தான் இருக்கேனேம்மா. ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது, கூட்டிட்டு வர்றது எல்லாம் என் பொறுப்பு. கையில இருக்கிறதை விட்டுட்டா திரும்ப யாரு கூப்பிட்டுக் குடுப்பா?" என்பார். திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கம்போல பஸ் ஏறுவாள்.

ஆனால் எட்டு வயது மகளுக்கு, தாத்தா எவ்வளவு வந்தாலும் அம்மா வந்த மாதிரி ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு, ஓட்டப்பந்தயம், ஓவியம் என்று ஏதாவது வந்துகொண்டே இருந்தது. அதற்கெல்லாம் லீவு கிடையாது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால்தான் கிடைக்கும். அப்போதுதான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார்.

"எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிடு. எனக்கென்ன, ஒட்டிக்கவா போகுது?"

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள்கூடப் பொய் சொல்லி லீவு எடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் மகளுக்காக நடிகராகிவிட்டார். ஆபீஸில் வேலை நேரத்தில் எல்லோருடைய செல்போன்களையும் லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அதனால் அவர் சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிற போனுக்கே கூப்பிடுவார். முதல் தடவை இருமிய இருமலில் சூப்பர்வைசர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்று பதறிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் அடக்கி நடிங்கப்பா" என்று அவள் சொல்ல, மகளோடு சேர்த்து மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஆக மூன்று தடவை அப்பா 'ஆஸ்பத்திரியில் சேர்ந்து' பிழைத்து வந்தார்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு மகளின் வகுப்பில் நாடகம். மகளுக்கு அதில் மரம் வேஷம். ஆனால் மாதக் கடைசி வரைக்கும் யாருக்கும் லீவு இல்லை என்று ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இந்தத் தடவை வேண்டாம், மாட்டிக்கொள்வேன் என்று முந்தின நாளே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவர் பேத்தியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். ரிசீவரைக் கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். ஒட்டுக்கேட்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அம்மா... நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்குதும்மா" என்றார் அப்பா. இருமல் இல்லை. மெதுவான, நிதானமான குரல். பரவாயில்லையே, அப்பா தேறிவிட்டார் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. சொன்னேன்ல. சாயங்காலம் பேசலாம்."



"சரிம்மா. நீ வேலையைப் பாரு."

சாயங்காலம் ஐந்தரைக்கு லாக்கரைத் திறந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஏழு அழைப்புகள். குழந்தையைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. மரத்தின் பச்சைத் துணியோடு மகள் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அப்பா, முதுகு சுவரில் சாய்ந்து. வெளியே கிளம்பிய கோலம். ஒரு காலில் மட்டும் செருப்பு.

இப்போது சூப்பர்வைசர் மாலையைப் போட்டுவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வெளியூரிலிருந்து இரவு முழுக்க வண்டி ஓட்டி வந்தவன், கண்கள் சிவந்திருந்தன.

"மூணு தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து பொழைச்சு வந்தவர் சார். உங்க தங்கச்சிதான் ஓடி ஓடிக் காப்பாத்தினாங்க. இந்தத் தடவை..."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"நேத்துகூடப் பேசினாரே. போனை நான்தான் எடுத்தேன். எப்பவும் சத்தமா இருமிட்டுத்தான் பேசுவார். நேத்து குரலே எழும்பலை. எனக்கு அப்பவே சரியாப் படலை சார். நோட்டீஸாவது ஒண்ணாவது, கேட்டா உடனே அனுப்பிடலாம்னுதான் பக்கத்துலயே நின்னேன். அவங்க கேக்கவேயில்லை."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அப்பாவை மூன்றே தடவை, அதுவும் போனில் மட்டும் கேட்ட ஒரு அந்நியருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆபீஸ் ஆட்கள் போனதும் அண்ணன் அவளைச் சமையலறைக்கு வரச் சொன்னான். கதவைச் சாத்தவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"அப்பாவை மூணு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

அவள் ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். பொய் லீவு, இருமல் ஒத்திகை, ஆம்புலன்ஸ் வரைக்கும் போன கூத்து. கேட்கக் கேட்க அண்ணனுக்கே சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்பா அப்படித்தான், நீ என்ன பண்ணுவே என்றான். அங்கேயே விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். நேற்றைக்கு நேரமில்லாமல் போனை வைத்துவிட்டேன் என்று சொன்னால் அவன் நம்புவான். இத்தனை பொய் சொன்னவளுக்கு இன்னொன்றா கஷ்டம்? ஆனால் வாய் வரவில்லை.

"நேத்தும் நடிக்கிறார்னு நினைச்சேண்ணா" என்றாள். "நல்லா நடிக்கிறார்னு நினைச்சேன்."

அண்ணன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். பிறகு அவளைப் பார்க்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவள் பக்கமாக மேடையில் வைத்துவிட்டு, வண்டிக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்கப் போனான்.

எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு கணவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேலையை விட்டுடு. நான் சமாளிச்சுக்கறேன். இனிமே பிள்ளையைப் பார்த்துக்க வேற யாரு இருக்கா?"

இரண்டு வருடமாக இந்த வார்த்தைக்காக எத்தனை சண்டை போட்டிருப்பாள். இப்போது தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி வந்திருக்கிறது. பிள்ளையை நினைத்தால் விடத்தான் வேண்டும். விட்டால், அப்பா செத்ததில் தனக்கு ஒரு லாபம் வந்த மாதிரி இருந்தது. விடாமல் போய் அதே இடத்தில் உட்கார்ந்து அந்த போன் அடிப்பதைக் கேட்டால் அதுதான் தனக்கு ஏற்ற தண்டனை என்றும் தோன்றியது. ஆனால் அந்தத் தண்டனையை அனுபவிக்கப் போவது, வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தி. மூன்று நாள் அவள் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, இனிமேல் வரவில்லை என்றாள். அவசரப்படாதீர்கள், லீவாகவே எழுதிக்கொள்கிறேன் என்றார் அவர். காரணம் என்ன போடட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"லீவு வேண்டாம் சார்."

வேலையை விட்டேன் என்று சொன்னால் பாரம் இறங்கும் என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை.

அன்று மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மூன்றேகாலுக்கே அவள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். கூட்டிப்போக வந்தவர்கள் மதில் ஓரமாக வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கும் போலிருக்கிறது. விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு யாரும் நிற்காமல் விட்டிருந்தார்கள். நிழல் இருந்தது அங்கே மட்டும்தான். அவள் யோசிக்காமல் போய் அங்கே நின்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். கும்பலுக்குள்ளிருந்து மகள் பிய்த்துக்கொண்டு, பை முதுகில் குதிக்க, நேராக அந்தக் கம்பத்தைப் பார்த்து ஓடி வந்தாள். பாதி தூரத்தில் அங்கே நிற்பது அம்மா என்பதைப் பார்த்தாள். பிறகு நடந்து வந்தாள்.