வள்ளிநாச்சி குடியின் காளாஞ்சி

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை என் ஐம்பத்து நாலாவது வயதில், கந்தோர் ஒன்றின் பதிவேட்டு அறையில் நின்றுதான் அறிந்தேன். அம்மா சீதேவிப்பிள்ளையின் பிறப்புப் பதிவைத் தேடப் போயிருந்தேன். எழுதுவினைஞர் நிஸ்மியா பழைய புத்தகத்தைத் தூக்கி வந்து, தாள் உதிராமல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்மா பிறப்பதற்கு நாலு வருஷம் முந்திய பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. அதே தகப்பன், அதே தாய், அதே பழுகாமம். பெண் பிள்ளை. பெயர் இரத்தினம்மா.

“உங்கட பெரியம்மாவா?” என்றார்.

முப்பது வருஷம் தபால் கந்தோரில் இருந்தவள் நான். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். என் வீட்டு ஆளைத் தெரியவில்லை. அம்மா மேல் அப்படியொரு கோபம் வந்தது. செத்தவளோடு சண்டை பிடிக்கவா முடியும்?

இந்தத் தேடலுக்குக் காரணம் கோயில். எங்கள் பக்கத்தில் தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடிதான். திருவிழா முடிவில், கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் ஒவ்வொரு குடியையும் பெயர் சொல்லி அழைப்பார். அந்தக் குடியின் ஆண் ஒருவர் போய் வெற்றிலை பாக்குத் தட்டை வாங்குவார். அதுதான் காளாஞ்சி. எங்கள் வள்ளிநாச்சி குடிக்கு இந்தக் கோயிலில் ஒரே வீடு. மாமா தங்கராசா வாங்கிவந்தார், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கனடாவில் இருக்கிற தம்பி, “என்ட மகள் இருக்காள்தானே அக்கா” என்கிறான். அவள் அவளுடைய தாயின் குடி. பனிக்குள் போனால் இதுகூடவா மறந்துபோகும்? நானோ கலியாணம் கட்டவில்லை.

போன திருவிழாவில் மூன்று தரம் அழைத்தும் யாரும் எழும்பவில்லை. பெண்கள் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுத்த நாள் வண்ணக்கர் என் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார்.

“குடியில பொம்புள வழியா ஆரும் இருந்தாத் தேடிப் பாரு புள்ள. இல்லாட்டி வாற வரிசத்தோட பேர எடுக்கத்தான் வேணும்.”

அன்றிலிருந்து கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். இரத்தினம்மாவின் பதிவின் ஓரத்தில் பென்சில் குறிப்பு ஒன்று இருந்தது: 1967-இல் பிரதி ஒன்று ஏறாவூருக்குக் கொடுக்கப்பட்டது. நிஸ்மியாவுக்கும் ஏறாவூர்தான். இரண்டு கிழமையில் போனில் கோல் எடுத்தார்.

“கலியாணப் பதிவு கிடைச்சிட்டு. இஸ்லாத்துக்கு வந்து ‘சித்தி நபீஸா’ எண்டு பேர மாத்தியிருக்காங்க. ஆள் மௌத்தாகிட்டாங்க. ஆனா மகள் இருக்காங்க, ஹப்ஸா எண்டு.”

மகள். பெண் வழி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஏறாவூரில் கதவைத் திறந்த ஹப்ஸாவுக்கு அம்மாவின் அதே அகன்ற நெற்றி. என் வயதுதான் இருக்கும். நான் நீட்டிய பதிவுத் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“உம்மா தமிழாக்கள் எண்டு தெரியும். ஊரச் சொல்லவேயில்ல. கேட்டா அழுவாங்க. பொறகு கேக்கிறத உட்டுட்டம்.”

தேத்தண்ணி வந்தது. குடித்து முடியுமட்டும் எனக்குப் பொறுமையில்லை. “அப்ப நீங்க எங்கட குடி. வள்ளிநாச்சி குடி” என்றேன். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மத்தியிலும் குடி தாய்வழிதான், அது எனக்குத் தெரியும்.

ஹப்ஸா கோப்பையைக் கீழே வைத்தார். “நிக்காஹ் எழுதக்குள்ள உம்மாட குடி என்னெண்டு கேட்டாங்களாம். உம்மா வாயே தொறக்கல்லயாம். வாப்பாட குடிய எழுதவும் ஏலா, ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்கிறல்ல. பக்கத்து வீட்டு உம்மு குல்தூம்தான், ‘எண்ட குடிய எழுதுங்க, இவ எண்ட மகள்’ எண்டாவாம். அண்டையில இருந்து நாங்க அந்தக் குடி.”

“அது இரவல் குடிதானே?”

என் வாய் என்றைக்கும் எனக்கு முந்தித்தான் போகும். ஹப்ஸா கோபிக்கவில்லை. உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மகள் ஷஸ்னா, ஏணையில் கிடந்த பெண் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஹப்ஸா குரலைத் தாழ்த்தினார்.

“இவள ஒரு நல்ல பொடியன் கேட்டு வந்தான். ரெண்டு பேருக்கும் விருப்பம். அவனும் அந்தக் குடி. சகோதரம் மாதிரியெண்டு நாந்தான் வேணாமெண்டன். ஆறு மாசம் என்னோட பேசல்ல. இப்ப வேற இடத்துல முடிச்சி, புள்ளையும் ஆச்சி. இனி அது இரவல் எண்டு சொன்னா, அவள்ட மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கிற?”

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். நான் தேடிவந்தவர்கள் மூன்று பேர், தாயும் மகளும் பேத்தியுமாகக் கண்முன்னால் இருந்தார்கள். என்னுடையவர்கள் என்று சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது, தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஹப்ஸா கேட்டார். “கோயில்ல அந்தப் பேர எப்ப கூப்பிடுவாங்க?”

“வாற மாசம். கடைசி நாள், பகல் பூசை முடிய.”

“அந்நேரம் எனக்கு ஒரு கோல் எடுங்க. ஒண்டும் பேசமாட்டன். கேட்டுட்டு வெக்கிறன்.”

திருவிழாவின் கடைசி நாள், பூசைக்கு முன்னம் வண்ணக்கர் என்னிடம் வந்தார். “ஆரும் கிடைச்சாங்களா புள்ள?”

“இல்லண்ணன்” என்றேன். “கடைசியா ஒருக்காக் கூப்பிட்டுட்டுப் பேர எடுங்க.”

அவர் தலையாட்டினார். மற்றக் குடிகளை அழைக்க அழைக்க ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்த் தட்டை வாங்கினார்கள். எங்கள் முறைக்கு முன்னம் ஏறாவூருக்குக் கோல் எடுத்தேன். மறுமுனை எடுபட்டது. சொன்னபடியே பேச்சில்லை. போனை உள்ளங்கையில் வைத்து நீட்டிப் பிடித்தேன்.

“வள்ளிநாச்சி குடி.”

யாரும் எழும்பவில்லை. பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“வள்ளிநாச்சி குடி.”

போனுக்குள் ஏணைக் கயிறு கிரீச்சிடும் சத்தம் மெல்லக் கேட்டது.

மூன்றாம் தரம் அவர் கொஞ்சம் சுணங்கி, மற்றக் குடிகளுக்குக் கூப்பிட்டதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார். தட்டு விளக்கடியிலேயே இருந்தது. போனுக்குள் கயிற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது. கோல் வெட்டுப்படவில்லை. திரையில் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை இறக்கவில்லை.