டேப் ஒட்டாத விளிம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்காவும் அத்தானும் நடத்துகிற கார் பாலிஷ் ஷெட்டுக்கு என் காரைக் கழுவக் கொடுக்கப் போனேன் (ஓசியில்தான்). இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவனுக்கு இது போதும். வெட்கம் கெட்ட பிழைப்பு.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒரு மெஷின் ஒரு குடும்பத்தை..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இன்னொன்று: "பவர் பாலிஷர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை ஏழு." இது கட்டுரை. அத்தானிடம் கேட்டால் எழுபது சொல்வார்.

2

சண்டை எதற்கு என்று சொல்லாவிட்டால் கதை நகராது. ஷெட்டுக்குப் புதிதாக எந்தப் பாலிஷ் மெஷினை வாங்குவது என்பதுதான். பாலிஷரில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, ஒரே அச்சில் கிர்ரென்று சுற்றும். கீறலைச் சட்டென்று எடுத்துவிடும். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றால் சூடேறி, பெயிண்டின் மேலுள்ள பளபளப்புப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். இன்னொன்று, சுற்றிக்கொண்டே ஆடும். மெதுவானது, சாதுவானது. அத்தான் வெல்டிங் பட்டறையில் இருந்தவர், அவருக்கு முதல் வகைதான் வேண்டும். அக்காவுக்கு இரண்டாவது.

"கத்தி கூரா இருக்குன்னு காயை நறுக்காம விடுவியா?" என்றார் அத்தான்.

"இது காய் இல்லீங்க. அடுத்தவங்க கார்," என்றாள் அக்கா.

அக்கா ஜெயித்தாள். (வேறு மாதிரி எழுதினால், அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

3

அத்தானை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. தோற்ற மறுநாளே, புது மெஷினின் வயர் காலில் சிக்காமலிருக்கச் சுவரில் கொக்கி அடித்துக் கொடுத்திருக்கிறார். [இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன கதை பண்ணுவது?]

ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "எந்த மெஷினா இருந்தாலும் விளிம்புக்கு டேப் ஒட்டிக்கோ." கார்த் தகட்டின் விளிம்பில் பூச்சு மெல்லிசாக இருக்கும் என்பதால் பாலிஷ் போடுமுன் அங்கே டேப் ஒட்டுவது வழக்கம்.

புது மெஷினுக்கு வந்த முதல் கார் பல் டாக்டருடையது. கறுப்பு. அந்த அம்மா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். சாவியை அக்கா கையில் மட்டும்தான் கொடுப்பார். அக்கா டேப் ஒட்டவில்லை. சாதுவான மெஷின்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டாள்.

பானெட்டின் இடது விளிம்பில், விரல் நகம் அளவுக்குப் பூச்சு போய்விட்டது.

(இந்த இடத்தில் இரண்டு பத்தி விளக்கம் எழுதி அடித்துவிட்டேன். நகம் அளவு என்றாலே போதும்.)

அக்கா அங்கே ஒரு துளி கறுப்புப் பெயிண்ட் வைத்து, மேலே மெழுகு பூசி மறைத்தாள். டாக்டர் வந்தார், காரில் முகம் பார்த்தார், "உங்க கையைத் தவிர வேற யாரையும் நம்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் ஷெட்டில் இந்த மௌனம். அத்தான் ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

4

முடிவு அ: டாக்டரே கண்டுபிடித்துக் கத்துகிறார், அக்கா அழுகிறாள். (மலிவு.)

முடிவு ஆ: அத்தான் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். (செய்யக்கூடியவர்தான். அக்கா விடமாட்டாள்.)

முடிவு இ: கடைசிவரை யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில்...

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் என் கதைகளை விடாமல் படிக்கிறவர். இது அச்சில் வந்தால் அக்காவைக் காட்டிக்கொடுப்பது நானாக இருப்பேன். பயந்துபோய் அவரைக் கண் டாக்டராக மாற்றினேன், காரை வெள்ளையாக்கினேன். வெள்ளைக் காரில் ஒரு கீறலும் கண்ணுக்குத் தெரியவில்லை, கதையும் தெரியவில்லை. திரும்பவும் கறுப்பாக்கிவிட்டேன்.

5

வேறு வழியில்லாமல், இதுவரை எழுதியதை அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து படித்தாள்.

"உங்க அத்தானை ரொம்ப நல்லவராக் காட்டியிருக்கே."

"அப்படித்தானே நடந்துச்சு?"

"மெஷினை நம்பி நான் ஒட்டாம விடலடா. டேப்பைக் கையில எடுத்துட்டேன். ஒட்டினா, அவர் சொன்னதைக் கேட்ட மாதிரி ஆயிடுமேன்னு திரும்ப வெச்சுட்டேன். அதை எழுது."

(மூன்றாம் பகுதியில், எல்லாம் தெரிந்தவன் மாதிரி ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை. நான் அசடு வழிந்தது அப்படியே இருக்கட்டும்.)

"இது எப்ப அச்சுல வரும்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அந்தம்மா என்னை நம்பிக்கிட்டே ஓட்டணுமா?"

ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு கார்க் கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அத்தான் மெஷினை நிறுத்தினார். ரிங் போவது எனக்கே கேட்டது. அக்காவை நினைத்துப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெருமையாக இருந்தது.

"டாக்டர், நான்தான் பேசறேன். உங்க காரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

நான் வெளியே வந்துவிட்டேன். டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அக்கா சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.