முவிலாவுக்குப் பேச்சு வந்த விதம்

காசுபாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து அவன் தாய் செய்த எந்த வேலையிலும் சத்தம் எழவில்லை. உரலில் சோளம் குத்தினாள். உலக்கை ஏறி இறங்கியது, சோளம் மாவானது, ஓசை மட்டும் இல்லை. குழாயடியில் அவள் வாளிக்குள் தண்ணீர் பஞ்சு விழுவதுபோல விழுந்தது. கையிலிருந்து நழுவிய அலுமினியப் பானை சிமெண்டுத் தரையில் உருண்டு சுவரில் மோதி நின்றது. முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் கபம்ப்வேக்கு அது தெரியவே இல்லை. அந்த ஆண்டு செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷாவில் சோளமாவு மூட்டை இரண்டு முறை விலை ஏறியது. சுரங்கக் குடியிருப்பில் ஆட்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

முதல் பிள்ளை போனால் தாய் வாய்விட்டு அழக்கூடாது, அழுதால் அடுத்தது வயிற்றில் தங்காது என்று அங்கே பெண்கள் சொல்வார்கள். அம்மை கண்டு இரண்டு வயதில் போன பிள்ளை காசுபா. காசாமாவிலிருந்து பஸ் பிடித்து வந்த அவளுடைய அக்கா சிபேசா, மண் தள்ளும்போது தங்கையின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "சத்தம் மட்டும் போடாத தங்கச்சி. எல்லாத்தையும் உள்ள தள்ளு. இன்னும் தள்ளு" என்றாள். சின்ன வயதிலிருந்தே அக்கா சொல்லைத் தட்டாதவள் அவள். தள்ளினாள். அழுகையோடு சேர்ந்து குரலும், காலடி ஓசையும், பாத்திரம் தட்டும் ஓசையும் உள்ளே போய்விட்டன. பிறகு எதுவும் வெளியே வரவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. முதல் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாயைக் கூப்பிடுவதுதான் வழக்கம் என்பதால், குடியிருப்பு அவளைத் தொடர்ந்து பனா காசுபா, காசுபாவின் தாய், என்றே கூப்பிட்டது. நாளில் எத்தனையோ தடவை அந்தப் பெயர் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

ஜனங்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த கபம்ப்வே பகலில் நன்றாகத் தூங்கினான். மடியில் உறங்கிப்போன குழந்தையைப் பாய்க்கு மாற்ற வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் பனா காசுபாவைக் கூப்பிட்டார்கள். அவள் தூக்கினால் எந்தக் குழந்தையும் விழிப்பதில்லை. கருவாடு விற்கும் லுக்கொண்டேயின் தாய் மட்டும் தினமும் ஒரு வார்த்தை சொல்வாள். "இந்த வியாதி எனக்கு வந்திருந்தா என் புருஷன் இன்னும் வீட்டோட இருந்திருப்பான்டி. கடவுளு ஆள் மாத்திக் குடுத்துட்டான்." கேட்டவர்கள் சிரித்தார்கள். பனா காசுபாவும் பல்லைக் காட்டினாள்.

அடுத்த பிள்ளை தங்கியது. பெண். முவிலா என்று பெயர் வைத்தார்கள். பிரசவ அறையில் தாயின் வாய் திறந்து மூடியதே தவிர ஒரு முனகல் இல்லை. குழந்தையும் தொப்புள்கொடி அறுபடும்வரை சத்தமில்லாமல்தான் அழுதது. அறுத்தவுடன் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. ஆனால் துணியை இறுக்கி முதுகில் கட்டிக்கொண்டால் குழந்தையும் தாயோடு சேர்ந்துவிடும், அதன் அழுகையும் அடங்கிப்போகும். அங்கே எல்லாத் தாய்மாரும் பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை பிள்ளையை முதுகில்தான் சுமப்பார்கள். அவளும் சுமந்தாள். இப்படி முவிலா தன் குரலையே அதிகம் கேட்காமல் வளர்ந்தாள். தகப்பன் பேசுவான் என்று பார்த்தால், பாறை துளைக்கும் எந்திரத்தோடு கிடந்து கிடந்து அவனுக்குப் பாதிக் காது போயிருந்தது. வந்தான், களி தின்றான், படுத்தான். அதே வயதுப் பிள்ளைகள் நாயைத் திட்டவும் தகப்பன் பெயரைச் சொல்லவும் தொடங்கியபோது முவிலா உதட்டைப் பிரிக்கவில்லை. சுரங்க ஆஸ்பத்திரி நர்ஸ் பின்னால் நின்று தகர டப்பாவைத் தட்டினாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. "காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்தான் வரணும். வீட்டுல யாராச்சும் பேச்சுக் குடுங்க" என்றாள் நர்ஸ்.

அந்தச் சேதி காசாமாவுக்குப் போயிற்று. அவர்களில் பிள்ளை தாய்வழிக்குச் சொந்தம். தாயின் அக்கா வெறும் பெரியம்மா அல்ல, பெரிய தாய். வளர்க்கிறேன் என்று கேட்டால் மறுக்கும் வழக்கம் இல்லை. சிபேசா பஸ் கண்டக்டரிடம் பதில் சொல்லி அனுப்பினாள். சோள அறுப்பு முடிந்ததும் வருவாள், அதற்குள் பிள்ளை பேசாவிட்டால் தூக்கிக்கொண்டு போவாள். கண்டக்டர் வாசலில் நின்று இதை ஒப்பித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். பனா காசுபா கொடுத்தாள். தனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அன்று இருட்டும்வரை பிள்ளையை முதுகிலிருந்து அவிழ்க்க அவள் கை போகவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் லுக்கொண்டேயின் தாயிடம் ஒரு பிடி நெத்திலிக் கருவாடு வாங்கினாள். ஏதோ சிறுவர் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் சுற்றியிருந்தது. அங்கேயே குந்தி, முவிலாவைப் பக்கத்தில் இறக்கிவிட்டு, மீன் சரியாக இருக்கிறதா என்று பொட்டலத்தைப் பிரித்தாள். ஏழாம் வகுப்புவரை படித்த கண் சும்மா இருக்குமா, எழுத்துமேல் ஓடியது. உதடு அசைந்தது. "முயல் கிணற்றை எட்டிப் பார்த்தது" என்று ஒரு குரல் கேட்டது. துருப்பிடித்த கீல் மாதிரி கரகரத்த குரல். லுக்கொண்டேயின் தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாருடி அது?" பனா காசுபா பதில் சொல்ல வாயெடுத்தாள், காற்றுகூட வரவில்லை. தாளைப் பார்த்து மறுபடி வாசித்தாள். மறுபடி வந்தது. முவிலா தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பேசியது தாள்தான் என்று நினைத்து, கையை நீட்டி அதைத் தொட்டாள்.

சுரங்கக்காரர்களின் மன்றத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. அதை மூடியபோது பிள்ளைகளின் புத்தகங்களைக் கழிவுத் தாள் என்று எடைக்குப் போட்டார்கள். வாங்கியது லுக்கொண்டேயின் தாய். "பாதி முயல் மீனோட போயிடுச்சு. மீதி முயல் இருக்கு, எடுத்துட்டுப் போ. யானைகூட இருக்கு, வால் மட்டும் இல்ல" என்று சாக்கை அவள் பக்கம் தள்ளினாள்.

அச்சில் இருந்தால் குரல் வந்தது. புத்தகம், சோப்பு உறை, மாவுச் சாக்கு, ஆஸ்பத்திரிப் பலகை, எல்லாம் ஆகும். கையெழுத்து ஆகாது. கபம்ப்வே ஒரு நாள் தாளில் மகளின் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டுவந்து அவள் முன்னால் பிடித்தான். அவள் உதடு அசைந்தது. அவன் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவள் வெங்காயக் கூடையைக் காலி செய்து புத்தகங்களை அதில் போட்டு, பிள்ளைக்கு எட்டும்படி தரையில் வைத்தாள். முதுகில் கட்டினால் பிள்ளையின் சத்தம் போய்விடுகிறது, மடியில் வைத்தால் போவதில்லை என்பதைக் கண்டுகொண்டு மடியில் வைத்துக்கொண்டாள். விரலைச் சொல்லுக்கு அடியில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். பக்கத்தைப் புரட்டுவது முவிலாவின் வேலை. பின்னாலிருந்து முன்னால் புரட்டினால் கதையும் அப்படியே போகும். முயல் கிணற்றிலிருந்து ஏறி, பின்னோக்கி நடந்து, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து மடியில் போட்டாள் முவிலா. அவளும் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிள்ளை ஓரங்களைக் கடித்தது, கிழித்தது. கிழிந்ததைச் சோளக்கஞ்சி தடவி ஒட்டினாள். புத்தகத்தில் யாராவது ஓடினால் எழுந்து பிள்ளையோடு முற்றத்தைச் சுற்றி ஓடினாள். பல கதைகளுக்குத் தலை இல்லை, சிலவற்றுக்குக் கால் இல்லை. எல்லாவற்றிலும் மீன் வாசனை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. காலையில் அடுப்பு மூட்டுவதுபோல, எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது.

முவிலா சீக்கிரமே தலைகீழாக இருந்த புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தாள். "கிணறு" என்று தாய் வாசித்தால் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. மழை நின்றது. சோளத் தட்டைகள் காய்ந்தன.

சிபேசா நிலக்கடலை மூட்டையோடு வந்து இறங்கினாள். பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, "எங்க, பெரியம்மான்னு சொல்லு பாக்கலாம்" என்றாள். முவிலா பார்த்துக்கொண்டிருந்தாள். பனா காசுபா ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து முயல் கதையை வாசித்தாள், கொஞ்சம் வேகமாக. காசுபாவைப் புதைத்த பிறகு தங்கையின் குரலைக் கேட்டிராத சிபேசா, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானைத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ பேசினா ஆச்சா தங்கச்சி? புள்ளயில்ல பேசணும். நான் என்ன கழுதைப்புலியா, கடிச்சா தின்னுடப் போறேன்? என் வீட்டுல வந்து பாரு. பேரப் புள்ளைங்க, மருமகளுங்க, கோழி, ரேடியோ. எல்லாம் கத்துற கத்துல கல்லு கூட வாயத் தொறக்கும். பேச்சு வந்ததும் கொண்டாந்து விடறேன்."

எப்போது என்று கேட்கப் பனா காசுபா கூடையில் தேடினாள். எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

காலையில் சிபேசா பிள்ளையைத் தன் முதுகில் கட்டினாள். முவிலா அழுதாள். அந்த முதுகில் அழுகைக்குச் சத்தம் இருந்தது. பனா காசுபாவின் பிள்ளை அழுவதைத் தெரு அன்றுதான் முழுதாகக் கேட்டது, கதவுகள் திறந்தன. தாய் ஒரு புத்தகத்தைக் கொடுக்க வந்தாள். "மீன் நாத்தம்டி, பஸ்ஸுல ஏத்த மாட்டான்" என்று சிபேசா வாங்கவில்லை.

பஸ் கிளம்பியது. பனா காசுபா நின்றாள். உடம்பில் எங்கும் ஒன்றும் இல்லை. ஆனால் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸை எட்டிப் பிடித்து அதன் தகரத்தை இரண்டு கையாலும் அறைந்தாள். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. வாயைத் திறந்து கத்தினாள். தூசி உள்ளே போனது. கண்ணாடியில் பார்த்திருந்தால் டிரைவருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடியை மறைத்து ஒரு மெத்தை கட்டியிருந்தது.

ஊர் எல்லையில் தாதுமண் ரயில் பாதை குறுக்கே போகிறது. ரயில் சாயங்காலம்தான் வரும் என்பதால் எந்த டிரைவரும் அங்கே நிற்பதில்லை. பஸ் மேட்டில் ஏற வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரம் பெரியம்மாவின் மடியில் அழுது ஓய்ந்திருந்த முவிலா, வெளியே பாதையோரம் எழுத்தோடு நின்ற தகரப் பலகையைப் பார்த்தாள்.

"நில்" என்றாள். ஒரு விரல் நகரும் நேரம் இடைவெளி. "பார்." மறுபடி இடைவெளி. "கேள்."

டிரைவர் பிரேக்கை மிதித்தான். சாக்குகள் சரிந்தன. "எவ அவ நில்லுன்னது?"

"இந்தப் புள்ள" என்றார் பக்கத்தில் இருந்த தக்காளிக்காரர்.

"வாயே தொறக்காத புள்ளைங்க அது" என்றாள் சிபேசா.

"வாய் தொறக்காத புள்ளையா? என் கண்டக்டர் பய இந்த மாதிரி ஒரு நாள் சொன்னதில்ல." டிரைவர் எட்டிப் பார்த்தான். ரயில் எதுவும் வரவில்லை.

யாரோ தீப்பெட்டியை நீட்டினார்கள். முவிலா அதைத் திருப்பிப் பிடித்து, "வைக்கவும்" என்று அதில் தெரிந்த ஒரு சொல்லை வாசித்தாள். நீட்டியவர் பயந்து அதைத் திரும்பப் பையில் வைத்தார். பஸ் சிரித்தது. சிபேசா சிரிக்கவில்லை. பிள்ளை வாயிலிருந்து வந்தது தங்கையின் குரல். அதே கரகரப்பு, அதே நிறுத்தம். தங்கை அதற்குள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றிருந்தாள். மார்பு ஏறி இறங்கியது, மூச்சுச் சத்தம் இல்லை.

"அம்மா, கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, எறக்கறதுன்னா எறக்குங்க. என் தக்காளி வெந்துட்டிருக்கு" என்றார் தக்காளிக்காரர்.

நடைவழி முழுக்க மூட்டை. சிபேசா பிள்ளையை ஜன்னல் வழியாகவே நீட்டினாள். "பேசாத புள்ளையத்தான் நான் கேட்டேன். பேசற புள்ள உன்னோடது. புடி, கை நழுவுது." பஸ் போய்விட்டது.

பனா காசுபா பழக்கத்தில் துணியை விரித்து முதுகில் கட்டப் போனாள். பாதியில் நிறுத்தி, பிள்ளையைத் தரையில் இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் கட்டினால் குரல் போய்விடும். நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். நெடுநேரம் பிடித்தது, வழியில் இருந்த ஒவ்வொரு பலகையின் முன்னாலும் முவிலா நின்றாள்.

தாய்க்குச் சத்தம் திரும்ப வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முவிலா பேசினாள், ஆனால் அச்சில் இருப்பதுபோலத்தான் பேசினாள். "தந்தையே, களி ஆறுகிறது" என்பாள். கபம்ப்வே எழுந்து போய்ச் சாப்பிடுவான். தாய் ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தைத் திறந்து காட்டுவாள். பக்கத்தில் இல்லாததை முவிலா தானாகச் சொல்லிவிடுவாள். லுக்கொண்டேயின் தாய் தன் பேரனைக் கொண்டுவந்து விட்டாள். பிறகு தெருவில் எல்லோரும் விட்டார்கள். தூங்கினால் எழுப்பாமல் தூக்கவும், விழித்தால் வாசிக்கவும் அந்த வீட்டில் ஆள் இருந்தது. கருவாடு அந்தத் தெருவில் தாளுக்குப் பதில் இலையில் சுற்றி வந்தது. சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், மாவு மறுபடி ஏறியது, சிபேசா ஆண்டுக்கு ஒரு முறை கடலை கொண்டுவந்து கொடுத்து, கதை கேட்டுவிட்டுப் போனாள்.

பல ஆண்டுகள் கழித்துத் தலைநகர் லுசாகாவிலிருந்து புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, முதலாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்று, "எனக்குத் தாகமாக இருக்கிறது, ஆசிரியை அவர்களே, தண்ணீர் வேண்டும்" என்று சொல்லக் கேட்டு, பக்கத்து வகுப்புக்குப் போய் விசாரித்தாள். அங்கிருந்த ஆசிரியை தேநீரிலிருந்து நிமிரவில்லை.

"எந்தத் தெருப் புள்ள?"

சொன்னாள்.

"அந்தத் தெருவுல அப்படித்தான் கேக்கும். தண்ணியக் குடுங்க."

அவள் திரும்பிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள்.