வெற்றுத் தாளில் இரண்டு கையெழுத்துகள்

மேவிஸ் ஹார்கர் நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட காலையில், பள்ளிச் சமையற்கூடத்தில் அரைநாள் விடுப்புதான் கேட்டிருந்தாள். முழு நாளும் தேவைப்படலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னபோது, தோற்றாலும் ஜெயித்தாலும் பாத்திரங்கள் அங்கேதானே கிடக்கும் என்று பதில் சொன்னாள். துணிச்சலாலோ கசப்பாலோ சொன்னதல்ல அது. கணவன் கிளிஃப் இறந்து பதினாறு மாதங்களாக அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. உப்பு போடாத உருளைக்கிழங்கைத் தின்பது போல நாட்களைத் தின்றுகொண்டிருந்தாள்.

வழக்கு எளிமையானது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2005 இல், ஜன்னல்களையும் கொதிகலனையும் மாற்றக் கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் வாங்கினார்கள். கிளிஃப் போன பின் தவணை நின்றது. கடன் கொடுத்த நிறுவனம் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி, அதைக் கொண்டு வீட்டைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து, பிறகு வீட்டை விற்கச் சொல்லிக் கேட்கப் போகிறது. இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் வரிசையாக நிற்கும் கல்வீடுகளில் ஒன்று அது. மேவிஸுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இலவச ஆலோசனை மையத்தில் இருந்த ருக்சானாதான், மேவிஸ் அள்ளிக் கொண்டுபோன காகிதங்களில் ஓர் இளஞ்சிவப்புத் தாளைக் கண்டுபிடித்தாள். கொதிகலனின் கையேட்டு உறைக்குள் அது மடிந்து கிடந்தது. கடன் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளருக்கான நகல். அடியில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. மேலே தொகைக்கான கட்டம், வட்டிக்கான கட்டம், தவணைக்கான கட்டம் எல்லாம் காலி. நிறுவனம் தாக்கல் செய்த பிரதியிலோ ஒவ்வொரு கட்டத்திலும் எண்கள் அழகாக நிரம்பியிருந்தன.

“நீங்க கையெழுத்துப் போடறப்ப இதுல ஒண்ணுமே எழுதலையா?” என்று ருக்சானா இரண்டு முறை கேட்டாள்.

எழுதவில்லைதான். கடன் முகவரான வில்ஃப் க்ராக் வெள்ளிக்கிழமைதோறும் மாலைத் தேநீர் வேளையில் அந்தத் தெருவுக்கு வருவார்; பதினோரு ஆண்டுகளாக வந்தவர். கிளிஃபின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேரில் ஒருவர். அப்படிப்பட்டவர் உன் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் நீட்டிய தாளை எடுத்து வரி வரியாகப் படிப்பது அந்தத் தெருவில் ‘நீ திருடன்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். ஆகவே ஒருவரும் படித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் நரி முயலிடம் ஈரக் களிமண்ணைக் காட்டி, “சும்மா உன் பாதத்தை இதில் வை, நம் நட்புக்கு அடையாளமாக இருக்கட்டும்” என்றதாம். முயல் வைத்தது. மண் காய்வதற்குள் நரி அந்தச் சுவட்டைச் சுற்றி ஒரு முழு வளையின் படத்தையும் கீறி, முயல் தன் வளையைத் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகக் காட்டைக் கூட்டிச் சொன்னது. இந்தக் கதையில் நரியை எல்லோரும் வைகிறோம். ஆனால் வில்ஃப் நரியல்லர். அலுவலகத்துக்குப் போய் அன்றைய வட்டியைப் பார்த்து எழுதினால் பிழை வராது என்று நம்பிய சோம்பேறி நல்லவர், அவ்வளவுதான்.

அந்த நாட்டுச் சட்டமோ இதில் கண்டிப்பானது. 2007 க்கு முன் செய்த ஒப்பந்தம் என்றால், தொகை முதலானவை எழுதிய தாளில்தான் கடனாளி கையெழுத்திட்டிருக்க வேண்டும். எழுதாத தாளில் இட்டிருந்தால், நீதிபதி மனம் இரங்கினாலும் இரங்காவிட்டாலும் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர அவருக்கு அதிகாரமே கிடையாது.

விசாரணை ஒரு சிறிய அறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடந்தது. நீதிபதி முதலில் மேவிஸைக் கேட்டார்.

“பணம் உங்க கைக்கு வந்துச்சா?”

“வந்துச்சுங்க ஐயா. ஜன்னலெல்லாம் மாத்தினோம். நல்ல ஜன்னல்தான்.”

பக்கத்தில் ருக்சானா இளஞ்சிவப்புத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நிறுவனத்தின் இளம் பெண் வழக்கறிஞர் மேவிஸ் சொன்னதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு நிறுவனத்தின் சாட்சியாக வில்ஃப் வந்தார். ஓய்வு பெற்று மெலிந்திருந்தார். எண்களை அந்த வீட்டிலேயே, கையெழுத்துக்கு முன்பே எழுதியதாக அவர் பெயரில் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. நீதிபதி இளஞ்சிவப்புத் தாளை அவர் முன் தள்ளினார். மேலே எழுதுவது கீழ்த்தாளிலும் பதியும் படிவம் இது, கையெழுத்து பதிந்திருக்கிறதே, எண்கள் மட்டும் ஏன் பதியவில்லை என்று விசாரித்தார்.

வில்ஃப் தாளைப் பார்த்தார். மேவிஸ் அவரைப் பார்த்தாள். அவர் பொய் சொன்னால் வீடு போகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு யாரோ ஒருத்தியின் செய்தி போல அவளைக் கடந்து போயிற்று.

“அந்தத் தெருவுல எந்த வீட்லயும் நான் எழுதிட்டுக் கையெழுத்து வாங்கினதில்லீங்க,” என்றார் வில்ஃப். “ஆபீஸ்ல உக்காந்துதான் எழுதுவேன். ஒருத்தரும் எதுவும் கேக்கல. கேட்டிருந்தா எனக்கே சங்கடமா இருந்திருக்கும்.”

“அப்ப இந்த வாக்குமூலம்?”

“அவங்களே அடிச்சு அனுப்பினாங்க. நானும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. நிறுவனத்தின் கோரிக்கை தள்ளுபடி.

தாழ்வாரத்தில் வில்ஃப் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். “மன்னிச்சுக்க கண்ணு,” என்றார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் கோட்டின் காலர் உள்ளே மடிந்திருந்ததை எடுத்துவிட்டு, குளிரில் நிற்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

படியிறங்கும்போது ருக்சானாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இப்ப நான் கடன்காரியா, இல்லையா?”

“கடன் இருக்குங்க. அது அழியாது. கடுதாசி போட்டுக் கேக்கலாம், நீங்களா விரும்பினா குடுக்கலாம். ஆனா கோர்ட் மூலமா உங்ககிட்டேருந்து எடுக்க முடியாது. வீட்டைத் தொட முடியாது.”

“கிளிஃப் இருந்தா குடுத்திருப்பான்,” என்றாள் மேவிஸ். சற்று நின்று, “நான் குடுக்கப் போறதில்ல,” என்றாள். சொன்னபின் வெட்கம் வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். மகிழ்ச்சி வருகிறதா என்றும் பார்த்தாள். பேருந்துதான் வந்தது.

இரண்டு மணிக்கு அவள் பள்ளிச் சமையற்கூடத்தில் இருந்தாள். பெரிய தட்டுகளில் கஸ்டர்ட் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று உடன் வேலை செய்பவள் கேட்டாள். வீடு நிற்கிறது என்று சொல்லிவிட்டு, மேவிஸ் வெந்நீர்க் குழாயைத் திறந்து, நீர் சூடாகும்வரை அதன் கீழ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.