இரண்டு வட்டாரத்துக்கு ஒரு ஆள்

என் வீட்டுக்காரர் செல்லக்கண்ணு இருமும்போது ரத்தம் வந்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தெருக்கூட்டும் வேலை போகும். வேலையோடு குவார்ட்டர்ஸ் அறையும் போகும். மூன்று பிள்ளைகளோடு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எங்கே போய் நிற்பது?

என் தம்பி மருதப்பன்தான் வழி சொன்னான். அவன் பக்கத்து வட்டார மன்றத்தில் காலை ஷிப்டில் தெருக்கூட்டுகிறான். இவருக்கு எங்கள் வட்டாரத்தில் மத்தியான ஷிப்ட். ஒருவர் படுத்துவிட்டால் சொந்தக்காரன் போய், பேர் கூப்பிடும்போது அவர் பேருக்குக் கைதூக்கி வேலையைப் பார்ப்பது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் கண்டுகொள்ள மாட்டார்.

"மாமா படுத்திருக்கட்டும்க்கா, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

நாலு மாதம் காலையில் அங்கே, மத்தியானம் இங்கே. அசடு, ஒரு சந்துகூட விடாமல் கூட்டினான். மாமா பேர் கெட்டுவிடக் கூடாதாம்.

1958இல் செலவைக் குறைக்க இரண்டு மன்றங்களும் சேர்ந்துகொண்டன. இனி இரண்டுக்கும் ஒரே குப்பை லாரி, ஒரே ஆபீஸ், பேர் கூப்பிட்டுக் கணக்கெழுத ஒரே கிராணி. கிராணி பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. காலையில் பார்த்த மருதப்பன் முகத்தை மத்தியானமும் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பயப்பிடாதேங்கோ. களவெண்டு எழுதேல்லை. ஒரு ஆளே ரெண்டு வட்டாரத்தையும் கூட்டலாம் எண்டுதான் எழுதினனான்."

தம்பி தப்பித்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு எங்கே விளங்கியது?

மன்றத்துக்கு விளங்கிவிட்டது. காலை ஆட்களே இரண்டையும் கூட்டட்டும் என்று அடுத்த மாதம் மத்தியான ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். பதினொரு பேருக்கு வேலை போனது. பதினொரு அறைகளையும் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

குழாயடியில் அன்னம்மா என் குடத்தைத் தள்ளிவிட்டாள். அவள் புருஷனும் அந்தப் பதினொரு பேரில் ஒருவன், ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனேன்.

காலி பண்ணிய அன்று மருதப்பன் இரண்டு வட்டாரத்தையும் கூட்டி முடித்துவிட்டு வந்தான். இப்போது அதுதான் அவன் வேலை, அதே பழைய சம்பளத்துக்கு. அவன் அறையில் ஏற்கெனவே ஆறு பேர். எங்கே போகிறோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை.

இவரைத் தூக்கி மூன்று சக்கர டிரைஷாவில் உட்காரவைத்தான். அவன் கூட்டிய தெரு பளிச்சென்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கொஞ்சம் குப்பைய விட்டு வெச்சிருக்கணும் லா, அக்கா."